வாங்க, பாருங்க, எடுத்துக்கோங்க

"அம்மா, இங்க பாருங்க" என்று மகள் கூப்பிட்டபோது அவள் ஒரு சர்க்கரைப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பித் தேதியைத் தேடிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் எட்டு வருஷமாக வேலை பார்ப்பவள். தேதி பார்க்காமல் அவளுக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கும் என்று தெரிந்து பாக்கெட்டை ட்ராலியில் போட்ட பிறகுதான் மகள் சொன்ன வார்த்தை காதுக்குள் முழுசாக இறங்கியது. பாருங்க.

பிறந்து ஆறு வருஷத்தில் அந்தப் பெண் தன் அம்மாவிடம் ஒரு தடவைகூடப் 'பாருங்க' என்று சொன்னது கிடையாது. பாரு, வா, போ, தள்ளு, உனக்கு ஒண்ணுமே தெரியல. இவ்வளவுதான் அவள் பாஷை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில் லாரி ஓட்டும் அப்பா வீட்டுக்கு வந்தால் மட்டும் வாங்க, உக்காருங்க, என்ன வாங்கிட்டு வந்தீங்க என்று சரம் சரமாக மரியாதை கொட்டும். அம்மா என்பது வீட்டு நாற்காலி மாதிரி. எப்படி வேண்டுமானாலும் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சோப்புத்தூள் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். பச்சை கவுன், இரட்டைப் பின்னல். காலையில் ரிப்பன் ஒன்று காணாமல் போய்விட்டதால் இடது பின்னலின் நுனியில் மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்த பழுப்பு ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி விட்டிருந்தாள். அதுவும் அப்படியே இருந்தது. சர்க்கரைப் பாக்கெட்டைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது என்று பிள்ளையின் கையை விட்டிருந்தாள். ஒரு நிமிஷம்தான்.

"என்னத்தப் பாக்கணும்?"

"பாருங்க," என்று மகள் அடுக்கைக் காட்டினாள். அங்கே பார்க்கிற மாதிரி ஒன்றும் இல்லை. வெறும் அட்டைப் பெட்டிகள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆக, உறைத்திருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் போட்ட சத்தம் வேலை செய்திருக்கிறது.

விஷயம் போன ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. நாத்தனார் வந்திருந்தாள். டிவிக்கு முன்னால் நின்ற அத்தையைப் பார்த்து இந்த வாலு, "நீ தள்ளிக்கோ, எனக்கு மறைக்குது" என்று சொல்லிவிட்டது. நாத்தனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். சிரித்தாள். "பரவால்ல அண்ணி, குழந்தைய என்ன சொல்றது. வீட்ல பேசுறத வச்சுத்தான பேசும்" என்றாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரமாக அவள் வயிற்றில் செரிக்காமல் கிடந்தது. நாளைக்கு மறுபடியும் நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வருகிறாள். அதற்குத்தான் இந்தக் கடைக்கே வந்தது. காரை நிறுத்திவிட்டுப் பையைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்சீட்டிலிருந்து, "சீக்கிரம் இறங்கேன், நீ எப்பவும் லேட்டு" என்று சத்தம் வந்தது. அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்த காருக்குள் திரும்பி உட்கார்ந்து விரலை நீட்டிச் சொன்னாள்:

"இன்னொரு தடவ என்ன வா போன்னு சொல்லிப் பாரு. இந்தக் கடையிலேயே உன்ன விட்டுட்டுப் போயிடுவேன். யாராவது எடுத்துக்கட்டும்."

மகள் நாலு நாளாக ஆடிக்கொண்டிருக்கும் மேல் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கடையை ஊரே மலிவுக்கடை என்றுதான் சொல்லும். ஜன்னலே இல்லாத பெரிய கொட்டகை. சாமான்களை அலமாரியில் அழகாக அடுக்குகிற வேலையெல்லாம் அங்கே கிடையாது. வந்த பெட்டியின் வாயைக் கத்தியால் கிழித்து அப்படியே தரையில் வைத்துவிடுவார்கள். ஓரம் நசுங்கியது, உறை கிழிந்தது, தேதி நெருங்கியது எல்லாவற்றுக்கும் மஞ்சள் சீட்டு ஒட்டிப் பாதி விலை போட்டிருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் அட்டை வாசனை, அதன் மேல் சோப்புத்தூள் நெடி, அதற்கும் அடியில் உறைபெட்டிகளிலிருந்து வருகிற பழைய ஐஸின் ஈர வாடை என்று மூன்றும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். ட்யூப்லைட்டுகளின் ரீங்காரமும் உறைபெட்டிகளின் உறுமலும் ஓயாது. இதற்கெல்லாம் மேலே, கூரையில் வரிசையாகத் தொங்கும் ஒலிபெருக்கிகளிலிருந்து ஒரு பெண் குரல் தேனைத் தடவித் தடவிப் பேசிக்கொண்டே இருக்கும். வாங்க, வாங்க! இங்க பாருங்க! ரெண்டு சோப்பு எடுத்துக்கோங்க! இன்று அந்தக் குரல் நடுநடுவே இன்னொன்றும் சொன்னது. சரக்குக் கணக்கெடுப்பு இருப்பதால் இன்று மாலை ஆறு மணிக்கே கடை மூடப்படும். ஒத்துழைப்புத் தாங்க.

"ஆறு வருஷமா நான் கத்தி வராத மரியாதை, இந்த ஸ்பீக்கர் பத்து நிமிஷம் பேசினதும் வந்துடுச்சு பாரேன்," என்றாள். மகள் வாயைத் திறக்காமல் சிரித்தாள்.

எண்ணெய் எடுத்தாள். பருப்பு எடுத்தாள். மகள் ட்ராலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். வழக்கமாக இந்த நேரத்துக்கு ட்ராலிக்குள் ஏறி உட்கார்ந்து, சக்கரம் ஏன் கீச்சிடுகிறது, அந்த மாமாவுக்கு ஏன் முடியே இல்லை என்று ஊரையே கூட்டியிருப்பாள். இன்றைக்கு எதற்கு முன்னால் நின்றாலும், "எடுத்துக்கோங்க" என்றாள். வெங்காயத்துக்கு முன்னால் நின்றால், "வாங்க, எடுத்துக்கோங்க." டிஷ்யூ சுருளுக்கு முன்னால் நின்றாலும் அதே.

இரண்டு வரிசை தாண்டுவதற்குள் அந்த மரியாதை கசக்க ஆரம்பித்தது. யாரோ விருந்தாளி வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தது மாதிரி இருந்தது. பயமுறுத்தி வாங்கிய மரியாதை. நாத்தனாரின் சிரிப்புக்காகத் தன் பிள்ளையின் வாயைத் தானே தைத்துவிட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ட்ராலியை ஓரமாக நிறுத்திவிட்டு மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"அம்மா கோவத்துல சொன்னேன்டி. அத மனசுல வச்சுக்காத. அத்தைகிட்ட மட்டும் நாளைக்கு மரியாதையாப் பேசு, போதும். அம்மாகிட்ட எப்பவும் போலப் பேசு. நீ எப்பவும் லேட்டுன்னுகூடச் சொல்லு. வா, போ, நீ. சரியா? எங்க, சொல்லு. நீ வா."

மகள் அவள் வாயையே பார்த்தாள். "நீங்க வா."

"நீங்க இல்லடி. நீ."

"நீ," என்றாள் மகள். கொஞ்சம் நிறுத்தி, "வா" என்றாள். புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்ப்பது மாதிரி இருந்தது அது.

"அப்படித்தான். வாலு!"

"சொல்லுங்க."

"அடி, சொல்லுங்களா? வாலுன்னு கூப்பிட்டா நீ என்ன சொல்லுவ? நீதான் வாலுன்னு சொல்லுவேல்ல?"

"நீதான் வாலு," என்றாள் மகள். உடனே இன்னொரு முறையும் சொன்னாள், இந்தத் தடவை ராகம்கூடச் சரியாக வந்தது. "நீதான் வாலு."

அவள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். தலைமுடியில் அட்டை வாசனை அடித்தது. கடைக்குள் வந்தால் எல்லார் மேலும்தான் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் தேன் குரல் பாதியில் நின்றது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு வேறு ஒரு குரல், கடையில் வேலை பார்க்கிற யாரோ ஒரு அம்மாள், அலுப்பும் சளியுமாகப் பேசினாள். "பச்சைக் கலர் கவுன் போட்ட ஒரு பெண் குழந்த, ஆறு வயசு இருக்கும், உதவி மேசை பக்கத்துல தனியா நிக்குது. கூட வந்தவங்க யாரா இருந்தாலும் உடனே வாங்க."

அவள் அனிச்சையாக மகளைப் பார்த்தாள். பச்சை கவுன். கை தன் கைக்குள்தான் இருந்தது. அந்த கவுனே போன மாதம் இந்தக் கடையில் குவித்துப் போட்டு விற்றபோது எடுத்ததுதான். பாதி ஊர்ப் பிள்ளைகள் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகின்றன.

"பாவம், யார் பெத்த பிள்ளையோ," என்றாள். "இதுக்குத்தான் கைய விடாதன்னு சொல்றது."

"கைய விடாத," என்றாள் மகள்.

மிட்டாயும் சாக்லேட்டும் அடுக்கியிருக்கும் வரிசை அவளுக்கு எப்போதும் ஒரு போர்க்களம். கண்ணை மூடிக்கொண்டு ட்ராலியைத் தள்ளிக் கடந்துவிடலாமா என்று யோசிப்பாள். இன்றைக்கு மகள் அந்த வரிசை முழுக்க ஒரு பக்கமும் திரும்பாமல் நடந்தாள். அவளுக்கே மனசு கேட்காமல் ஒன்றை எடுத்து நீட்டினாள். மகள் வாங்கிக்கொண்டாள். பிரிக்கவில்லை. வாங்கியதை அப்படியே அலமாரியில், எடுத்த இடத்திலேயே, மற்றதோடு வரிசை பிசகாமல் நேராக வைத்தாள்.

"வேணாமா?"

"நீ எடுத்துக்கோ."

கடையில் கூட்டம் கரைந்திருந்தது. எப்போது கரைந்தது என்று அவள் கவனிக்கவில்லை. தூரத்தில் எங்கோ ஒரு ட்ராலி போகிற சத்தம், ஒரு செருப்புச் சத்தம், பிறகு அதுவும் இல்லை. பின்வரிசை விளக்குகளை அதற்குள் அணைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அணைந்த வரிசைகளில் பெட்டிகள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், எதற்கோ காத்திருக்கிற மாதிரி நின்றன. மறுபடியும் கரகரப்பு.

"பச்சை கவுன் போட்ட பாப்பா இங்க அழுதுகிட்டே இருக்குதுங்க. அவங்க அம்மா மருந்துக்கடையில வேல பாக்குறாங்கன்னு சொல்லுது. யாரோட குழந்தன்னு தெரியல. தயவுசெஞ்சு வாங்க. கடை மூடுற நேரம்."

அவள் கை ட்ராலியின் கம்பியில் அப்படியே நின்றது.

ஊரில் எத்தனையோ மருந்துக்கடை. தெருவுக்கு ஒன்று. அவள் மனசு தானாகவே எண்ண ஆரம்பித்தது. பஸ் நிலையத்தில் இரண்டு, ஆஸ்பத்திரி வாசலில் நாலு. அங்கெல்லாம் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் இருக்கும். இருக்கும்தான். குனிந்து பார்த்தாள். மகள் நிமிர்ந்து பார்த்தாள். அதே முகம். புருவத்துக்கு மேலே கட்டிலில் இடித்துக்கொண்ட அதே தழும்பு. அவள் தன்னை அறியாமல் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். பழுப்பு ரப்பர் பேண்டு. மூன்று சுற்று.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல."

பிள்ளையின் கை குளிர்ந்திருந்தது. உறைபெட்டிப் பக்கம்தானே நிற்கிறோம், குளிராமல் என்ன செய்யும்.

உதவி மேசை நுழைவாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. பில் போடுகிற இடத்துக்கு எப்படியும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம், என்ன குறைந்துவிடப்போகிறது என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, கால் மெதுவாகத்தான் போனது. ட்ராலியின் சக்கரம் கீச்சிட்டது. நின்றால் அதுவும் நின்றது. பாதி தூரம் போவதற்குள் மூன்றாவது முறையாக ஒலிபெருக்கி கரகரத்தது. இந்தத் தடவை பெரியவர்கள் யாரும் பேசவில்லை. மைக்கை யாரோ ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்கள். மூச்சு வாங்குகிற சத்தம் அத்தனை ஒலிபெருக்கியிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

"அம்மா…"

விசும்பல். கரகரப்பு.

"…மாட்டேன்… வாங்கம்மா… நீங்க வாங்க…"

மறுபடியும் கரகரப்பு. உடைந்த துண்டுகள்.

"…எடுத்துக்க… ம்மா… வாங்க… வாங்கம்மா…"

அவள் உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிந்தது. அது தன் பிள்ளையின் குரல். அதில் சந்தேகமே இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா. ஆனால் அந்தக் குரலில் வருவது அந்தத் தேன் குரல்காரியின் பேச்சு. வாங்க, எடுத்துக்க, வாங்க. கடையே தன் பிள்ளையின் தொண்டையை வாங்கிப் பேசுகிற மாதிரி.

அவள் விரலை ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்தது.

"போகாதம்மா."

"யாருடி அது?"

"அது நான் இல்ல. நீ போகாத."

அவள் ஒரு பிஸ்கட் அடுக்குக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பத்தடி தூரத்தில் உதவி மேசை. மேசைக்குப் பின்னால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாள். அவளுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பால் கூடையின் மேல், மைக்கைப் பார்த்தபடி ஒரு பெண் குழந்தை. முதுகு மட்டும் தெரிந்தது. பச்சை கவுன். இரட்டைப் பின்னல். வலது நுனியில் ரிப்பன்.

இடது நுனியில் பழுப்பு ரப்பர் பேண்டு.

அவள் குனிந்து பார்த்தாள். பக்கத்திலும் அதே. நிமிர்ந்து பார்த்தாள். அங்கேயும் அதே. காலையில் அவள் விரல் சுற்றிய அதே மூன்று சுற்று. இரண்டு இடத்தில்.

ஒன்று தன் பிள்ளை. ஒன்று இல்லை.

எது?

கேட்க வேண்டியது ஒன்றுதான். அவளுக்கு அது தெரிந்தது. காற்றே வராத குரலில், பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"வாலு."

"நீதான் வாலு," என்றது உடனே. சரியான ராகத்தில்.

அங்கே பால் கூடையின் மேலிருந்து, "வாங்கம்மா" என்றது இன்னொன்று.

போதும். தன் பிள்ளை சத்தியமாக இப்படிப் பேசாது. வாங்க என்று அவளை அழைக்கிற எதுவும் அவள் பெற்றது இல்லை. அவள் பக்கத்தில் இருந்த கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினாள். அந்தப் பால் கூடையின் மேல் இருப்பது திரும்பிப் பார்ப்பதற்குள். அந்த முகம் தெரிவதற்குள். அடுக்கைச் சுற்றி. கடைசிக் கவுண்டர். ஓடக்கூடாது. ஓடினால் கேட்கும். சக்கரம் கீச்சிட்டது. நாசமாய்ப்போன சக்கரம்.

பில் போடுகிற பெண் தலையைத் தூக்காமல் சாமான்களை இழுத்து இழுத்துப் போட்டாள். "நீங்கதாங்க்கா கடைசி," என்றாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். "அட, அங்க ஒண்ணு இதே மாதிரி கவுன் போட்டுட்டு அழுதுட்டே இருக்குது. பாத்தீங்களா?"

"பாக்கல."

"எந்த அம்மாவோ. இப்படியா விட்டுட்டுப் போவாங்க."

அவள் பைகளைத் தூக்கினாள். வாசலில் காவலாளி பில்லில் முத்திரை குத்திவிட்டு, "போயிட்டு வாங்க" என்றான். கண்ணாடிக் கதவு பின்னால் மூடிக்கொண்டது.

வெளியே இன்னும் வெளிச்சம் முழுசாகப் போகவில்லை. வானம் அழுக்குச் சிவப்பாக இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் அவள் கார் மட்டும்தான் நின்றது. பைகளைப் பின்னால் போட்டு, பிள்ளையைப் பின்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டைப் பூட்டினாள். எப்போதும் பெல்ட் போடும்போது ஒரு யுத்தம் நடக்கும். இன்று பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒத்துழைத்தது. அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, கதவைப் பூட்டி, கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தப்பித்துவிட்டோம். பிள்ளையோடு தப்பித்துவிட்டோம். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"சீக்கிரம் கிளம்பேன்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நீ எப்பவும் லேட்டு."

அவள் சிரித்தாள். இதே கார், இதே இடம், இதே பேச்சு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதற்குத்தான் அப்படிக் கத்தினோம். ஏற்றிய கண்ணாடிக்குள் கத்தியது, வேறு ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. என்னவெல்லாம் சொல்லித் தொலைத்தோம். வா போன்னு சொன்னா விட்டுட்டுப் போயிடுவேன். யாராவது எடுத்துக்கட்டும்.

சிரிப்பு பாதியில் நின்றது.

எடுத்துக்கட்டும்.

ஒலிபெருக்கியில் வந்த துண்டுகள் ஒவ்வொன்றாக அவள் காதுக்குள் திரும்பி வந்தன. மாட்டேன். வாங்கம்மா. நீங்க வாங்க. எடுத்துக்க. அவை தாமாகவே ஒன்றோடு ஒன்று போய் ஒட்டிக்கொண்டன. அந்தக் கரகரப்பில் காணாமல் போனது என்ன என்று இப்போது அவளுக்கு முழுசாகக் கேட்டது.

இனிமே வா போன்னு சொல்ல மாட்டேன். நீங்க வாங்க. யாரும் என்ன எடுத்துக்க வேணாம்மா. வாங்கம்மா.

அவள் மெதுவாகத் திரும்பினாள். பின்சீட்டில் அது பெல்ட்டுக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. கை இரண்டும் மடியில்.

"பல்லக் காட்டு," என்றாள். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை.

கடைக்குள் சிரித்தபோதுகூடத் திறக்காத வாய் இப்போது திறந்தது. அகலமாக, வேண்டியதற்கு மேலும் அகலமாக. பற்கள் வெள்ளையாக, ஒரே உயரத்தில், இடைவெளி இல்லாமல் நெருக்கி நெருக்கி அடுக்கியிருந்தன. ஒன்றுகூட ஆடவில்லை.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். ஒரு செருப்பு கழன்றது. விட்டுவிட்டாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. காவலாளியின் நாற்காலி காலி. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இரும்புக் கம்பிக்கதவு இறங்கி, பூட்டுத் தொங்கியது. அவள் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "திறங்க! யாராவது திறங்க! என் பிள்ள உள்ள இருக்கு!"

உள்ளே ஒருத்தரும் இல்லை. மேசையில் ஸ்வெட்டர்க்கார அம்மாள் இல்லை. கவுண்டர்களில் யாரும் இல்லை. விளக்குகள் பின்னாலிருந்து வரிசை வரிசையாக அணைந்துகொண்டே வந்தன. ஒவ்வொன்றும் அணையும்போது ஒரு சின்னச் சத்தம். டக். டக்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் அவள் மகள் நின்றிருந்தாள்.

அழுதழுது முகம் வீங்கியிருந்தது. கீழுதட்டில் கொஞ்சம் ரத்தம். அம்மாவைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை. கண்ணாடியைத் தட்டவும் இல்லை. அடக்கமாக, நல்ல பிள்ளையாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாய் மட்டும் அசைந்தது. குரல் வாசலுக்கு மேலே இருந்த ஒலிபெருக்கியிலிருந்து வந்தது.

"அம்மா, வாங்க. நான் இப்ப நல்லாப் பேசுறேன். வாங்கம்மா. என்ன எடுத்துக்கோங்க."

"நீன்னு சொல்லுடி! வான்னு சொல்லு! கண்ணு, அம்மா இங்கதான்டி இருக்கேன்!" அவள் கம்பிக்குள் கையை விட்டாள். முழங்கை வரைதான் போனது. விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண்.

டக்.

மகள் கட்டியிருந்த கையை அவிழ்த்து, மூடியிருந்த விரல்களை விரித்துக் காட்டினாள். வீட்டில் எதைச் செய்தாலும் அம்மாவிடம் காட்டாமல் இருக்க மாட்டாள். உள்ளங்கை நடுவில் ஒரு சின்னப் பல் இருந்தது.

டக்.

அவளுக்குப் பின்னால் தூரத்தில் கார்க் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. தார்த்தரையில் சின்னக் காலடிகள் அவசரமே இல்லாமல் நடந்து வந்தன. அட்டை வாசனை வந்தது. அவள் திரும்பவில்லை. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தால் அந்த முகம் போய்விடும் என்று இமைக்காமல் பார்த்தாள். உள்ளே கடைசி வரிசையும் அணைந்தது. இருட்டில் அந்த உள்ளங்கை மட்டும் கொஞ்ச நேரம் வெளுப்பாகத் தெரிந்தது, இன்னும் நீட்டியபடி.

குளிர்ந்த கை ஒன்று அவள் விரலைப் பிடித்தது.

"அழாதம்மா," என்றது. "நீ வா. வீட்டுக்குப் போலாம்."

ஒரு பிழையில்லை. அவள் சொல்லிக்கொடுத்தது மாதிரியே இருந்தது.